மணியோடு கோல் மார்க்கெட்டுக்கு

தில்லிக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு கோல் மார்க்கெட் என்ற பெயரைக் கேட்டதும் கைத்தடி விற்கும் கடைத்தெரு என்று தோன்றினால் அதில் தவறில்லை. தமிழில் கோல் என்றால் தடிதானே. ஹிந்தியில் வட்டம். வட்டமான சந்தை. ஆனால் விடியற்காலையில் ரிட்ஜ் காட்டோரம் தொடங்கி அந்தச் சந்தை வரை நாயோடு நடந்து போகிறவனுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும். ஒரு கையில் கோல், இன்னொரு கையில் நாயின் வார், எதிரே வட்டம்.

இந்த நடையைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாட்களாக எண்ணம். நம் குடும்பங்களில் இப்போது நாய் வளர்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போன பிறகு, அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நாய் அப்பா அம்மாவிடம் தங்கிவிடுகிறது. அதை எங்கே கூட்டிப்போவது என்பதுதான் கேள்வி. பூங்கா வாசலில் நாய்க்கு அனுமதியில்லை என்று பலகை. மெட்ரோவில் ஏற்ற முடியாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டில் ஏறினாலே முகம் சுளிப்பார்கள். காடும் கடைவீதியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் இத்தனை பெரிய தலைநகரில் அதிகமில்லை. கோல் மார்க்கெட் வட்டாரம் அப்படிப்பட்ட ஒன்று. மேற்கே ரிட்ஜ், அதன் அடிவாரத்தில் மந்திர் மார்க், அதற்குக் கிழக்கே அரசுக் குவார்ட்டர்ஸ், அவற்றின் நடுவே கடைவீதி. பிர்லா மந்திரிலிருந்து மார்க்கெட் வரை ஒரு கிலோமீட்டர் சுமார்தான். முகர்ந்து முகர்ந்து வரும் நாயோடு போனால் முக்கால் மணி நேரம்.

எனக்கு இந்த யோசனையைக் கொடுத்தது இங்கிலாந்து என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் பெண் அங்கே இருக்கிறாள். ஒருமுறை டெர்பிஷயர் மாவட்டத்தில் பேக்வெல் என்ற சிறிய ஊருக்குக் கூட்டிப் போனாள். மான்ஸல் டிரெயில் என்று ஒரு நடைபாதை. எட்டரை மைல் நீளம். பாதை சமதளமாக, வளைவெல்லாம் பெரிய ஆரத்தில், இரண்டு பக்கமும் வெட்டிய பாறை. கால் வைத்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது ரயில் பாதையென்று. மான்செஸ்டரையும் லண்டனையும் இணைத்த பழைய மிட்லண்ட் லைன். 1968-ல் மூடி, தண்டவாளத்தைப் பிடுங்கி, 1981-ல் நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அடைத்து வைத்திருந்த சுரங்கங்களை 2011-ல் திறந்தார்கள். ஆயுளெல்லாம் தண்டவாளம் போட்டவனுக்குத் தண்டவாளம் இல்லாத பாதையைப் பார்க்க மனம் என்னவோ செய்தது. ஆனால் அந்தப் பாதையில் குடும்பம் குடும்பமாக நாய்களோடு நடந்து வந்து, ஊருக்குள் இறங்கி, ரொட்டியும் காய்கறியும் வாங்கிப் போனதைப் பார்த்தபோது மனம் சமாதானமாயிற்று. கடை வாசல்களில் நாய்க்கென்று தண்ணீர்க் கிண்ணம். ஊருக்குத் திரும்பியதும் மணியின் கழுத்தில் பட்டையை மாட்டி, எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழி உண்டா என்று பார்க்கக் கிளம்பினேன்.

மணி நாட்டு நாய். தில்லித் தெருவில் பிறந்தவன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிகள் அவனை ‘மனி’ என்று கூப்பிடுவார்கள். மதராஸிக்கு எப்போதும் பணத்தின் மேலேயே குறி, நாய்க்குக்கூட அந்தப் பெயர்தான் என்று ஒருவர் வேடிக்கை செய்தார். நானும் திருத்தவில்லை.

காட்டோரம்

தில்லி ரிட்ஜ் என்பது ஆரவல்லி மலைத்தொடரின் வால். அதில் மத்திய ரிட்ஜ் மட்டும் 864 ஹெக்டேர். மந்திர் மார்கில் கோயில்களின் பின்புறச் சுவருக்கு அப்பால் ஏறும் மேடு அதுதான். அங்கே அடர்ந்திருக்கும் முள்மரத்தை இங்குள்ளவர்கள் விலாயதி கீக்கர் என்பார்கள். நமக்கு அது புதிய மரமா என்ன? ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். சீமைக் கருவேலம். புது தில்லியைக் கட்டியபோது மொட்டைக் குன்றுகளைப் பசுமையாக்க ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து நட்டார்கள். அது மற்ற மரங்களை அமுக்கிவிட்டுத் தானே காடாகிவிட்டது. ஊரில் கரியாக எரித்த மரம், தலைநகரில் ரிசர்வ் காடு.

இந்தக் காட்டுக்குள் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். விடுமுறை நாட்களில் சிலர் காரில் வந்து இறங்கி, பெரிய பெரிய சீமை நாய்களை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். உள்ளே மயில் இருக்கிறது, நரி இருக்கிறது, உடும்பு இருக்கிறது. நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குத் தொற்றும் டிஸ்டெம்பர் என்ற நோய் சாதாரணமானதல்ல. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது அந்த வைரஸைத்தான் கண்டுபிடித்தார்கள். நம் நாய்க்கும் அங்கே நல்லதில்லை. புதரில் உண்ணி ஏராளம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் பத்து நாளில் நாய் எலும்பும் தோலுமாகிவிடும். ஆகவே காட்டை ஓரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. வாசனை பிடிக்க நாய்க்கு அதுவே போதும்.

குரங்குகள் வேறு விஷயம். அவை காட்டுக்குள் இருப்பதைவிட மந்திர் மார்க் சுவரின் மேல் இருப்பதுதான் அதிகம். கோயிலுக்கு வருபவர்கள் வாழைப்பழம் போட்டுப் பழக்கிவிட்டார்கள். 2007-ல் உயர் நீதிமன்றம் இவற்றையெல்லாம் பிடித்துத் தெற்கே அஸோலா பட்டிக்கு அனுப்பச் சொன்னது. அனுப்பினார்கள். குரங்குகள் தீர்ந்தபாடில்லை. ஒரு காலத்தில் லங்கூர் என்னும் கருமுகக் குரங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்து காட்டுவார்கள், அதைப் பார்த்தால் மற்றவை ஓடிவிடும் என்று. அதற்குத் தடை வந்தபின், லங்கூர் போலவே குரல் கொடுக்கத் தெரிந்த ஆட்களை நகராட்சி வேலைக்கு வைத்தது. மிமிக்ரி செய்து அரசாங்கச் சம்பளம். நாய் பக்கத்தில் இருக்கும்போது குரங்கைக் கண்டால் வாரைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கவேண்டும். மணி முதலில் குரைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மந்திர் மார்க்

பழைய பெயர் ரீடிங் ரோடு. இந்தத் தெருவைப்போல் இத்தனை மதமும் இத்தனை பள்ளிக்கூடமும் அடுத்தடுத்து இருக்கும் தெரு தில்லியில் வேறு உண்டா என்று தெரியாது. பிர்லா மந்திர் என்று நாம் சொல்லும் லக்ஷ்மி நாராயண் கோயிலை 1939-ல் காந்திஜி திறந்துவைத்தார், எல்லாச் சாதியாரையும் உள்ளே விடவேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே தெருவில் உள்ள வால்மீகி மந்திரில், துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பில், 1946-47-ல் அவர் 214 நாட்கள் தங்கினார். காளி பாரி வங்காளிகளுடையது. நம் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இதே தெருவில்தான். மதராஸி எஜுகேஷன் அசோசியேஷன் என்று தொடங்கிய அந்தச் சங்கம், அரசாங்கம் கோடையில் சிம்லா போகும் காலத்தில் தானும் கூடவே மலையேறி, குளிர்காலத்தில் இறங்கிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

நாயோடு போகிறவர்களுக்கு இங்கே ஒரே ஒரு விஷயம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முதுகில் பையோடு ஐந்நூறு குழந்தைகள் ஓடும்போது எந்த நல்ல நாய்க்கும் மண்டை குழம்பும். ஆறு மணிக்குப் போய் ஏழுக்குள் கடந்துவிட்டால் தெரு உங்களுடையது. பால் வண்டியும் பூ விற்பவர்களும் மட்டும்தான் இருப்பார்கள். கோயில் வாசலில் நாயை நிறுத்தி எட்டிப்பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை. பைரவரின் வாகனம் என்று இங்கேயும் மரியாதை உண்டு. சனிக்கிழமைகளில் கறுப்பு நாயைத் தேடித் தேடி, கடுகெண்ணெய் தடவிய ரொட்டி கொடுப்பார்கள். மணி பழுப்பு நிறம். அவனுக்குச் சனிக்கிழமை லாபமில்லை.

குவார்ட்டர்ஸ் எல்லை

மந்திர் மார்கை விட்டுக் கிழக்கே திரும்பினால் டி.ஐ.ஸெட். ஏரியா. தில்லி இம்பீரியல் ஸோன் என்பதன் சுருக்கம். சாம்ராஜ்யம் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் தபால் முகவரியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லட்யன்ஸ் காலத்துத் திட்டத்தில் உத்தியோகத்தின் உயரத்தைப் பொறுத்து வீட்டின் இடம். வைஸ்ராய் மாளிகையைச் சுற்றிப் பங்களாக்கள். குமாஸ்தாக்களுக்கு இந்தப் பக்கம். மதராஸிலிருந்து டைப்பும் ஷார்ட்ஹாண்டும் கற்று ரயிலேறி வந்த நம் முன்னோர்கள் அநேகம் பேர் முதலில் சோறு பொங்கியது இந்தத் தெருக்களில்தான். ஆபீசுக்குச் சைக்கிள், கடைக்கு நடை என்று போட்ட தெருக்களானதால் இன்றும் நடக்கத் தோதாக இருக்கின்றன. வேம்பும் நாவலும் நிழல் தருகின்றன.

இங்கேதான் நடையின் கஷ்டமான பகுதி. தெரு நாய்கள்.

நான் பர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராக இருந்தவன். டிராலியில் போகும்போது ஒவ்வொரு கேங் ஹட்டிலிருந்தும் ஒரு நாய் ஓடிவந்து குரைத்துக்கொண்டே துரத்தும். ஒரு குறிப்பிட்ட மைல் கல்லில் டக்கென்று நிற்கும். அடுத்த கேங்கின் நாய் அங்கிருந்து தொடரும். எந்த நாயும் எல்லை தாண்டாது. ரயில்வேயில் இதைத்தான் பிளாக் செக்‌ஷன் என்கிறோம். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுத்தால்தான் போகலாம். குவார்ட்டர்ஸ் தெருக்களிலும் அதே ஏற்பாடு. மின்சாரப் பெட்டி, இஸ்திரிக்காரரின் மேஜை, ஒரு வேப்பமரம், இவையெல்லாம் எல்லைக் கற்கள். எல்லைக்கு இருபது அடி முன்னால் நின்றுவிடவேண்டும். வாரைத் தளர்த்தி, ஆனால் குறுகலாக, நாயைக் காலோடு வைத்துக்கொள்ளவேண்டும். அந்தத் தெருவின் தலைமை நாய் எழுந்து பார்க்கும். இரண்டொரு குரல் கொடுக்கும். நாம் முன்னேறாமலும் ஓடாமலும் நின்றால் சிறிது நேரத்தில் உட்கார்ந்துவிடும், அல்லது வேறு பக்கம் பார்க்கும். அதுதான் லைன் கிளியர். கையில் இருக்கும் கோலை ஓங்கினால் எல்லாம் கெட்டுப்போகும். கோல் தரையில் ஊன்றுவதற்கு.

இதற்கெல்லாம் முன்பே செய்யவேண்டியது ஊசி. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க் கடித் தடுப்பூசி தொடங்கி ஆண்டுதோறும் போட்டு, அந்தச் சான்றிதழைக் காட்டி நகராட்சியில் பதிவு செய்துகொள்ளவேண்டும். தில்லியில் இது சட்டப்படி கட்டாயம். மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் வீட்டு வைத்தியம், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போகவேண்டும். பக்கத்திலேயே ராம் மனோஹர் லோஹியா ஆஸ்பத்திரி இருக்கிறது. பழையவர்கள் விலிங்டன் என்பார்கள். நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது, வருமுன் போடும் ஊசிதான் மருந்து.

மார்க்கெட்

குவார்ட்டர்ஸ் தெரு முடிந்து ரவுண்டானா தென்படும்போது நடுவில் வெள்ளையாக ஒரு கட்டடம். 1921-ல் கட்டியது. வட்டம் என்று பெயரே தவிர உண்மையில் பன்னிரண்டு பட்டை. புது தில்லி திறப்பு விழா கண்டது 1931-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே குமாஸ்தாக்களுக்குக் கறியும் காயும் விற்க இதைக் கட்டிவிட்டார்கள். உள்ளே இறைச்சி, மீன், முட்டைக் கடைகள் இருந்த காலத்தில் நாயோடு அந்தப் பக்கம் போவது நடக்காத காரியம். அப்புறம் கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று நகராட்சி சொல்ல, கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போக, வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, கடைசியில் காலி செய்தாயிற்று. பெண்களின் சாதனைகளைச் சொல்லும் அருங்காட்சியகமாக அதை மாற்றும் வேலையை நகராட்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. இடித்துவிடாமல் வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிது.

சந்தை போனாலும் சந்தையடி போகவில்லை. சுற்றிலும் உள்ள கடைகள் நடக்கின்றன. மருந்து, காய்கறி, மளிகை, தையல், கலேவா, பங்களா ஸ்வீட் ஹவுஸ் போன்ற மிட்டாய்க் கடைகள். காலை வேளையில் பாதி மூடியிருக்கும் கடைகளின் தாழ்வாரம்தான் நாய்க்கு உகந்தது. உள்ளே அழைத்துப் போக வேண்டாம். பெரும்பாலான கடைக்காரர்கள் வாசலுக்கே பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஒரு மருந்துக் கடைக்காரர் மணிக்கென்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார். பேக்வெல் ஊரில் பார்த்தது போலவே. அன்பின் மிகுதியால் மிட்டாய்க் கடையில் லட்டோ சமோசாவோ நீட்டினால் மட்டும் தடுத்துவிடுங்கள். லட்டில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமோசாவில் உள்ள வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட் சுத்த விஷம். பையில் இரண்டு காய்ந்த சப்பாத்தித் துண்டு வைத்திருந்தால் யார் மனமும் நோகாது. பழைய நாளிதழ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் தெருவைப் பார்த்தால் சொல்லவேண்டும் போலத்தான் இருக்கிறது.

சிவப்புப் பட்டை

மார்க்கெட்டில் நிரந்தரவாசிகளாக நான்கு நாய்கள். நான்கின் இடது காதிலும் சிறு வெட்டு. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டாயிற்று என்பதன் அடையாளம் அது. அவற்றில் ஒன்றின் கழுத்தில் வெளுத்துப்போன சிவப்புப் பட்டை. தெரு நாய்க்குப் பட்டை எப்படி வந்தது என்று கேட்டேன். சாவி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன வீட்டு நாய் என்றார் இஸ்திரிக்காரர். குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு குடும்பம். மாற்றலாகி ஊருக்குப் போனபோது லாரியில் கட்டில், பீரோ, கிரைண்டர், துளசி மாடம் எல்லாம் ஏறியது. நாய் ஏறவில்லை. மூன்று நாள் அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் படுத்திருந்ததாம். கிரைண்டர் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டேன். “ஆப் கே தரஃப் கே,” உங்கள் பக்கத்து ஆட்கள், என்றார்.

அந்த நாய்க்கும் மற்ற மூன்றுக்கும் சோறு போடுபவர் பக்கத்து பிளாக் மாமி. மாமா போன பிறகு பிள்ளை வீட்டில் இருக்கிறார். காலை ஆறரைக்குத் தயிர்சாதம் பிசைந்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு வருவார். நாற்பது வருஷத்தில் கற்றுக்கொள்ளாத ஹிந்தியை இந்த நாய்களால் கற்றுக்கொண்டேன் என்பார். ‘பைட்டோ’ என்று நாயிடம் ஆரம்பித்து, காய்கறிக்காரர், செருப்புத் தைப்பவர், காவலாளி என்று ஒவ்வொருவராகப் பழக்கமாகி, இன்று மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு அவர் மாதாஜி.

2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவேண்டும், திரும்ப விடக்கூடாது என்று. மறுநாள் காலை மாமி தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். “எல்லாத்தையும் பிடிச்சுண்டு போயிடுவாளாமே ஸார், நிஜமா?” என்றார். அதே நாளில், எங்கள் பிளாக்கில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையின் அப்பா மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குழந்தையை அதற்கு முந்தைய மாதம்தான் வேறொரு தெருவின் நாய் கணுக்காலில் கடித்திருந்தது. ஊசிக்கு ஊசி அது அழுததை அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது. மாமியின் கண்ணீருக்கும் அந்த மனிதரின் மிட்டாய்க்கும் நடுவில் நின்றேன். அவரிடம் போய் ஜீவகாருண்யம் பேச எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வராது.

பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22-ல், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது. தெருவில் கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போடவேண்டும் என்று. நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு. பள்ளி, ஆஸ்பத்திரி, விளையாட்டரங்கம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய வளாகங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தவும், அங்கே மறுபடி விடக்கூடாதெனவும். இதில் எனக்குத் தோன்றுவது: ஒதுக்கிய இடம் என்ற விதி நல்ல விதி. குழந்தைகள் போகும் வழியில் சோற்றைக் கொட்டினால் அந்த வழியை நாய் தனதென்று நினைக்கத்தான் செய்யும். நாங்கள் நாலு பேர், அந்தக் குழந்தையின் அப்பாவையும் சேர்த்துத்தான், பேசி மார்க்கெட்டின் பின்புறம் யாரும் அதிகம் நடமாடாத ஒரு மூலையைச் சொன்னோம். நகராட்சி வேறு இடம் சொன்னால் அங்கே மாறிக்கொள்ள மாமி சம்மதம். தரையில் இறைக்காமல் தட்டு வைத்துப் போட்டு, தின்றதும் எடுத்துக் கழுவுகிறார். குழந்தையின் அப்பா இன்னும் நாய்களைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறார். ஆனால் மாமிக்கு நமஸ்தே சொல்கிறார்.

கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடும் இந்த முறையில் நம் ஊரின் பங்கு பலருக்குத் தெரியாது. சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் தெரு நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதால் எண்ணிக்கை குறையவில்லையே, பிறப்பைத் தடுப்போம் என்றது. மாநகராட்சி அதற்கு இணங்கியது 1996-ல். 2001-ல் நாடு முழுவதற்கும் மத்திய அரசு விதி செய்தது, 2023-ல் அதைப் புதுப்பித்தது. அதற்கும் முன்னால், 1952-ல் மாநிலங்களவைக்கு நியமனமான ருக்மிணி தேவி அருண்டேல் மிருகவதைத் தடுப்புக்கு ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு வாக்களிக்க அதை விலக்கிக்கொண்டார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்துக்காக நாம் கொண்டாடும் அந்த அம்மாள் இந்தத் தில்லியில் வாதாடியது நாய்க்கும் மாட்டுக்கும். அந்த வாரியத்தின் அலுவலகமும் 2018 வரை சென்னையில்தான் இருந்தது.

ஊருக்குக் கூட்டிப்போக

மாற்றலோ ஓய்வோ வந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் நாயை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். ரயில்வேக்காரன் என்ற முறையில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு ரயிலில் இரண்டு வழி. ஒன்று, ஏ.ஸி. முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபேயையோ நாலு பேர் கேபினையோ முழுவதுமாக நீங்களே எடுத்துக்கொண்டால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். லக்கேஜ் கட்டணம் உண்டு. இரண்டு, கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. பார்சல் ஆபீசில் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். ஸ்லீப்பரிலோ, ஏ.ஸி. இரண்டடுக்கு மூன்றடுக்குகளிலோ கொண்டுபோக முடியாது. டி.டி.இ.யிடம் கெஞ்சிப் பயனில்லை. எந்த வழியானாலும் தடுப்பூசிச் சான்றிதழும், கால்நடை மருத்துவர் கொடுக்கும் உடல்நலச் சான்றும் கையில் இருக்கவேண்டும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சுமார் 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். கூண்டில் போகும் நாய்க்குத் தண்ணீரும் சோறும் கொடுப்பது சொந்தக்காரர் பொறுப்பு, கார்டின் பொறுப்பல்ல. வண்டி அதிக நேரம் நிற்கும் ஸ்டேஷன்களில் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும். மே, ஜூனில் கூண்டில் அனுப்பாதீர்கள். நாக்பூர்ப் பக்கம் அந்த இரும்புப் பெட்டியின் சூடு எனக்குத் தெரியும். இரண்டு மாதம் யாரிடமாவது விட்டுவைத்து, குளிர் தொடங்கியதும் வந்து கூட்டிப்போங்கள். இரண்டு முறை டிக்கெட் செலவுதான். கிரைண்டருக்கு லாரி வாடகை கொடுத்தோமே.

சூடு என்றதும் நடைக்கும் அதைச் சொல்லவேண்டும். கோடையில் காற்று 44 டிகிரி காட்டினால் தண்டவாளம் 60-ஐத் தாண்டும். அந்த நாட்களில் தண்டவாளம் நெளியாமல் இருக்கிறதா என்று பார்க்க மதியத்தில் ஆள் விட்டு நடக்க வைப்போம். தார் ரோடும் தண்டவாளத்துக்குச் சளைத்ததல்ல. நமக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு இல்லை. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லையென்றால் நாயை இறக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆறு மணிக்கு முன் முடித்துவிடவேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது, எலிக் காய்ச்சல் வரும். நவம்பரில் புகை மூடிய நாட்களில் நாய்க்கும் மூச்சு முட்டும், வீட்டிலேயே இருக்கட்டும். ஆக அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் வரை, புகை நாட்கள் போக, நல்ல பருவம். ஜனவரிப் பனியில் தெரு நாய்களுக்கு யாரோ சாக்குப் பையில் சட்டை தைத்துப் போட்டுவிடுகிறார்கள். சிவப்புப் பட்டைக்காரனுக்குப் போன குளிரில் ஒரு சர்க்கரை மூட்டைச் சட்டை கிடைத்தது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்து நாய்களை இங்கே வளர்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே போட்டிருக்கிறார்கள். வேட்டைக்கென்று வளர்ந்த இனங்கள், தெரு நாய்களோடு லைன் கிளியர் பேசும் பொறுமை அவற்றுக்குக் குறைவு. ஆரம்பத்தில் வாய்க்கூடு மாட்டி, மந்திர் மார்க் வரை மட்டும் பழக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு நானும் மணியும் பிர்லா மந்திருக்கு எதிர்ப் பக்கத்து நடைபாதையில் இருப்போம். ஆறடிக்கு மேல் நீளாத வார், தண்ணீர் பாட்டில், கிண்ணம், பழைய பேப்பர், ஊசிச் சான்றிதழின் நகல் இவை போதும். நாய் இல்லாதவர்களும் வரலாம். ஏழரைக்கு மார்க்கெட்டில் தேநீர், கணக்கு அவரவருடையது.